ரிங் ஃபிரேமுக்கு பிஎம் மோட்டார்: என்கோடர் தேவையா?

மில்_மெயின்டனன்ஸ்:
எங்கள் நூற்பாலையில் ரிங் ஃபிரேம்களின் (நூல் முறுக்கிச் சுற்றும் இயந்திரங்கள்) பழைய இண்டக்‌ஷன் மோட்டார்களுக்குப் பதில் நிரந்தரக் காந்த (பிஎம்) சிங்க்ரனஸ் மோட்டார் போடப் போகிறோம். டிரைவ் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) சப்ளையர் என்கோடரோடுதான் (ரோட்டர் கோணத்தை அளக்கும் சென்சார்) தருவேன் என்று அடம் பிடிக்கிறார். வீண் செலவு. பஞ்சு பறக்கும் இடத்தில் முதலில் படுப்பதே என்கோடர் கேபிளும் கனெக்டரும்தான். ஓடும் மோட்டாரின் சுருளில் உண்டாகும் மின்னழுத்தமான பேக் இஎம்எஃப்பை வைத்தே ரோட்டர் கோணத்தை டிரைவ் கணக்கிட்டுவிடுமே?

கிரேன்காரன்:
ஓடினால்தானே சார் பேக் இஎம்எஃப்? நிற்கும்போது பூஜ்யம். ரேட்டட் வேகத்தில் ஐந்து, பத்து சதவீதத்துக்குக் கீழே அந்தக் கணக்கு தடுமாறும். அந்தக் கணக்குக்குச் சுருளின் மின்தடையும் தெரிய வேண்டும், சூடேறினால் இன்னும் மோசம். செம்புச் சுருள் 25 டிகிரியிலிருந்து 125 டிகிரிக்குப் போனால் மின்தடை கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடும். காலையில் டிரைவ் தானே அளந்து வைத்த (ஆட்டோடியூன்) மதிப்பு மதியம் பொய்யாகிவிடும்.

மில்_மெயின்டனன்ஸ்:
ரிங் ஃபிரேம் என்ன கிரேனா? மெதுவாக ஓடுவது ஸ்டார்ட்டில் கொஞ்ச நேரம்தான். அதுவரை கோணத்தைப் பார்க்காமலே நிலையான கரன்ட் கொடுத்து, ஃப்ரீக்வன்ஸியை மெல்ல ஏற்றி டிரைவ் இழுத்துப் போகும். வேகம் பிடித்ததும் அப்சர்வர் (பேக் இஎம்எஃப் வழியே கோணம் கணிக்கும் கணக்கு) பார்த்துக்கொள்ளும். ஃபேன், பம்ப் எல்லாம் இப்படித்தானே ஓடுகின்றன.

கிரேன்காரன்:
அந்தக் கைமாறும் இடத்தில்தான் வம்பே. டிரைவ் இழுத்த கோணமும் அப்சர்வர் சொல்லும் கோணமும் ஒத்துப்போகாவிட்டால் டார்க் (சுழற்றும் விசை) குலுங்கும். பம்ப் பொறுத்துக்கொள்ளும், நூல் பொறுக்காது. ஒரே குலுக்கலில் எத்தனை ஸ்பிண்டிலில் அறுந்தது என்று பிறகு எண்ணிக்கொண்டிருங்கள்.

மில்_மெயின்டனன்ஸ்:
என்கோடர் மட்டும் என்ன, சாமி வரமா? இண்டக்‌ஷன் மோட்டாரில் அதை எந்தக் கோணத்தில் மாட்டினாலும் ஓடும். இதில் காந்தத் துருவத்துக்கும் என்கோடர் பூஜ்யத்துக்கும் உள்ள கோண வித்தியாசம் (ஆஃப்செட்) டிரைவுக்குத் தெரிய வேண்டும். நைட் ஷிஃப்ட்டில் புது என்கோடர் மாட்டியவர் அதை டியூன் செய்யாமல் விட்டால்? மின்கோணத்தில் (ஒரு துருவ ஜோடிக்கு 360 டிகிரி) 90 டிகிரி பிசகினால் கரன்ட் மட்டும் போகும், டார்க் வராது. அதைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் சுற்றும்.

டியூனிங்_ஆள்:
காந்தம் ரோட்டருக்குள் புதைத்ததா, மேலே ஒட்டியதா? அதைச் சொல்லாமல் சண்டை போடுகிறீர்களே. புதைத்தது என்றால் ரோட்டரின் இரு அச்சுகளின் (காந்தத் துருவத்தின் திசையும் அதற்குக் குறுக்கான திசையும்) இண்டக்டன்ஸும் (மின்தூண்டல்) வேறுபடும். உயர் அதிர்வெண் சிக்னல் செலுத்தி, நிற்கும்போதே கோணம் பிடிக்கலாம். ஒட்டியதில் அந்த வேறுபாடு அற்பம்.

மில்_மெயின்டனன்ஸ்:
புதைத்தது.

டியூனிங்_ஆள்:
அப்படியென்றால் என்கோடர் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் காலி மோட்டார் டெமோவை நம்பாதீர்கள். லோடு ஏறினால் இரும்பு சாச்சுரேட் ஆகி (காந்தப்புலம் மேலும் ஏற இடமின்றி நிறைந்து) அந்த வேறுபாடு குறையும். பாபின் முக்கால் நிறைந்து, மோட்டார் நன்றாகச் சூடேறிய நேரத்தில் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கிரேன்காரன்:
அந்த டெஸ்டை பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள் சார். என் கிரேனின் பளு தூக்கும் ஹாய்ஸ்ட்டில் என்கோடரைக் கழற்ற மட்டும் யாரும் வர வேண்டாம்.