பிரைஸ் கேன்யனில் மோட்டார்ஹோம் பிரிட்ஜ் வேலை செய்யவில்லை, அவசரம்

வழிப்போக்கன்:
அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில் இருக்கிறோம். தங்கும் வசதியோடு வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோம் வண்டியில் நேற்று இரவு முதல் பிரிட்ஜ் குளிரவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. வாடகை நிறுவனத்தின் உதவி எண்ணில் இசைதான் ஓடுகிறது. நாளை காலை சயான் பூங்காவுக்குக் கிளம்ப வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

ரசமட்டம்:
கேஸில் ஓடுகிறதா, மின்சாரத்திலா? அடுப்பு எரிகிறதா? வண்டி சரிவில் நிற்கிறதா? இவை தெரியாமல் என்ன சொல்வது?

மேட்டுநிலம்:
எதையும் கழற்றாதீர்கள். காரணம் உயரம்தான். பிரைஸ் பள்ளத்தாக்கின் விளிம்பு 8,000 அடிக்கு மேல். காற்று மெலிந்தால் சுடர் ஒழுங்காக எரியாது. 5,500 அடிக்கு மேலே போனால் மின்சாரத்தில் ஓட்டுங்கள் என்று பிரிட்ஜ் கையேட்டிலேயே இருக்கிறது. சயான் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 4,000 அடிதான். இறங்கினால் தானாகச் சரியாகிவிடும்.

நெடுஞ்சாலை நாதன்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். பழைய இழைகளைத் தேடிப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டத் துணிவதுதான் எனக்கு வியப்பு. போகட்டும். இது வீட்டு பிரிட்ஜ் அல்ல, இதில் கம்ப்ரஸர் கிடையாது. சுடரின் சூட்டில் அம்மோனியாக் கரைசல் கொதித்து ஆவி மேலே ஏறும். குளிர்ந்து திரவமாகித் தன் எடையாலேயே கீழே வழியும். வண்டி சாய்ந்து நின்றால் அந்த ஓட்டம் தடைபடும். நீங்கள் வண்டியைச் சமமாக நிறுத்தியிருக்க மாட்டீர்கள். அவ்வளவுதான்.

ரசமட்டம்:
நாதன் ஐயா, சாய்வினால் குளிர் குறையும், உண்மை. ஆனால் அதற்குச் சிவப்பு விளக்கு எரியாது. சுடர் பற்றவில்லை என்பதற்குத்தான் அது எரியும்.

வழிப்போக்கன்:
கேஸ்தான். இங்கே மின் இணைப்பு கிடையாது. அடுப்பு நன்றாக எரிகிறது. சரிவெல்லாம் இல்லை. உள்ளே அப்பாவின் இன்சுலின் இருக்கிறது, அதுதான் பதற்றம்.

மருந்துப்பெட்டி:
இதை அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! இன்சுலினை ஒரு துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஐஸ் மேலே நேரடியாகப் படக்கூடாது. உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான், உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. சாதாரண அறை வெப்பத்தில் சில நாட்கள் தாங்கும். உறையில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

ரசமட்டம்:
அடுப்பு எரிகிறது என்றால் கேஸ் வருகிறது. கேஸை மூடி, சூடு ஆறட்டும். பிறகு வண்டிக்கு வெளியே, பிரிட்ஜின் பின்பக்கம் கீழே இருக்கும் காற்றுத் தட்டியைக் கழற்றுங்கள். அம்மோனியா நெடி அடித்தாலோ மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ கையை வைக்காமல் மூடிவிடுங்கள், பிரிட்ஜையும் போடாதீர்கள். இல்லையென்றால் பர்னர் குழலைப் பாருங்கள். புகைபோக்கியிலிருந்து துருச் செதில்கள் உதிர்ந்து அதன்மேல் விழுவது வழக்கம். மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். கேஸ் வரும் நுண்துளையில் கம்பியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மேட்டுநிலம்:
உயரம்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்சுற்றி:
பிரிட்ஜ் இருக்கட்டும். சயானுக்கு எந்த வழியில் போகிறீர்கள்? கிழக்கு வாசல் வழியே என்றால் சுரங்கப்பாதை வரும். 15 டாலர் கட்டினால் எதிர்ப்பக்கம் வண்டிகளை நிறுத்தி உங்களை நடுவே விடுவார்கள்.

நெடுஞ்சாலை நாதன்:
அது பழைய கதை. 1930இல் திறந்த சுரங்கம், 1.1 மைல் நீளம், வளைந்த கூரை. உயரம் 11 அடி 4 அங்குலத்தையோ அகலம் 7 அடி 10 அங்குலத்தையோ தாண்டிய வண்டிகளை 2026 நடுவிலிருந்து அந்தச் சாலையிலேயே விடப்போவதில்லை என்று பூங்கா அறிவித்தது. அறிவிப்புகளைப் படிக்காமல் அறிவுரை சொல்வது இங்கே பலருக்குப் பழக்கமாகிவிட்டது.

ஊர்சுற்றி:
நான் போனபோது விட்டார்கள். நான் பார்த்ததைத்தானே சொன்னேன்? உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

நெடுஞ்சாலை நாதன்:
நீங்கள் பார்த்தது சுரங்கத்தை. நான் சொல்வது விதியை.

மணல்திட்டு:
இருவரும் நிறுத்துங்கள். வழிப்போக்கன், கனாப் ஊருக்குப் போய் அரிசோனா 389, யூட்டா 59 சாலைகள் வழியே ஹரிக்கேன் ஊருக்கு வந்து தெற்கு வாசலில் நுழையுங்கள். சுற்றுத்தான், ஆனால் வழியில் பைப் ஸ்பிரிங் இருக்கிறது. 1870களில் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஊற்றின் மேலேயே கட்டிய கற்கோட்டை. வறண்ட நிலத்தில் தண்ணீர் யாருக்கு என்ற வழக்கு முழுவதையும் அந்த ஒரு கட்டடம் சொல்லும். கைபாப் பையூட் பழங்குடியினரின் நிலம் இன்றும் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. சுரங்கத்தைவிட அதைப் பார்ப்பேன்.

ஊர்சுற்றி:
கோட்டை மூடியிருக்கும் நாளில் போய் நின்றால் தெரியும்.

ரசமட்டம்:
வழிப்போக்கன், பர்னரைப் பார்த்தீர்களா?

வழிப்போக்கன்:
பார்த்தேன். நகத்தளவு துருச் செதில்கள் குழல் மேல் படிந்து கிடந்தன. தட்டிவிட்டதும் பற்றிக்கொண்டது, சுடர் நீலமாக எரிகிறது. சிவப்பு விளக்கு போய்விட்டது. குளிர இன்னும் சில மணி நேரம் ஆகுமாம். இன்சுலின் ஐஸ் பெட்டியில். நன்றி, கிளம்ப வேண்டும்.

மேட்டுநிலம்:
உயரம் குறைவாக இருந்திருந்தால் துருவோடும் எரிந்திருக்கும்.

மருந்துப்பெட்டி:
அப்பா எப்படி இருக்கிறார்?

மணல்திட்டு:
கடைசியில் எந்த வழி போனீர்கள்?