ரெக்ரஷன்: ‘பின்னடைவு’ வேண்டாம், என் ‘இறங்குபடி’யும் வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழில் தொகுத்துவரும் உடல் எடைப் பயிற்சிச் சொற்பட்டியலில் நம்மை வாரக்கணக்காக இழுத்தடிப்பது ஒரே ஒரு கட்டம்தான். ஒரு பயிற்சியைத் தொடக்கநிலையாளரின் வலுவுக்கு ஏற்ப லேசாக்கிய வடிவத்தை ஆங்கிலத்தில் ரெக்ரஷன் என்கிறார்கள். கடினமாக்கினால் புரோகிரஷன். அகராதியைப் புரட்டிப் ‘பின்னடைவு’ என்று எழுதிய நண்பர் மன்னிக்க வேண்டும். தேர்தலில் வருவது பின்னடைவு, நோயாளியின் உடல்நிலையில் வருவது பின்னடைவு. முதல் நாள் வந்தவரிடம் “உங்களுக்குப் பின்னடைவுத் தண்டால்” என்று சொன்னால் இரண்டாம் நாள் அவர் வரமாட்டார். புள்ளியியலில் இதே ஆங்கிலச் சொல்லுக்குத் ‘தொடர்புப் போக்கு’ என்று ஆக்கியவர்கள், சொல்லின் வேரை விட்டுவிட்டு அது செய்யும் வேலையைப் பார்த்தார்கள். நாமும் அப்படிப் பார்ப்போம்.

இங்கே வேலை என்ன? இரும்புக் கம்பியாக இருந்தால் இரண்டு வட்டைக் கழற்றி வைத்துவிடலாம். உடம்பிலிருந்து பத்துக் கிலோவைக் கழற்றி மூலையில் வைக்க வழியில்லை. ஆகவே கோணத்தை மாற்றுகிறோம், ஊன்றும் இடத்தை மாற்றுகிறோம். தரையில் முறையாகத் தண்டால் எடுக்கும்போது, கை நீட்டிய நிலையில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ 65 விழுக்காடு. முழங்காலை ஊன்றினால் அது உடல் எடையில் ஏறத்தாழப் பாதி. கைகளை 60 செ.மீ. உயரப் பலகையில் வைத்தால் 40 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கைகளைத் தரையில் ஊன்றிப் பாதங்களை அதே பலகையில் தூக்கி வைத்தால் முக்கால் பங்கை ஒட்டி வந்துவிடும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இவை முறையே 39, 30, 25, 44 கிலோ. உடம்பு அதேதான், சுமைதான் வேறு. சொல் இதைத்தான் பிடிக்க வேண்டும்.

‘அரைத்தண்டால்’ ஆகாது. பாதி தூரம் மட்டும் இறங்கி எழுவதையே அது குறிக்கும். முழங்கால் ஊன்றுவதை ‘மகளிர் தண்டால்’ என்று ஆங்கில வழக்கைப் பார்த்து எழுதுவதற்கு நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

சென்ற வாரம் ‘ஏறுபடி, இறங்குபடி’ என்று நானே முன்மொழிந்தேன். ஏறுவரிசை, இறங்குவரிசை என்று பள்ளிக்கணக்கில் படித்த சாயல். வினைத்தொகை என்பதால் ஒற்றும் மிகாது. மூன்று பேர் பாராட்டியும் விட்டார்கள். அதை இப்போது திரும்பப் பெறுகிறேன். காரணம் என் அக்கா.

நாற்பதைத் தாண்டிய பிறகு பயிற்சியைத் தொடங்கியவர். தரையில் ஒரு தண்டால்கூட வரவில்லை. மாடிப்படியில் கீழிருந்து ஆறாவது படியில் கைகளை ஊன்றச் சொன்னேன். குதிகாலிலிருந்து தலைவரை ஒரே கோடு, நெஞ்சு படியின் விளிம்பைத் தொட வேண்டும். எட்டு சுத்தமாக வந்தன. ஒன்பதாவதில் நெஞ்சு இறங்குவதற்கு முன்பே இடுப்பு தொங்கிவிட்டது. அங்கேயே நிறுத்தினோம். பன்னிரண்டு வீதம் மூன்று செட் வந்த பிறகு ஐந்தாவது படி, பிறகு நான்காவது. முழங்கால் தண்டாலைவிட இதுவே எனக்குப் பிடித்த வழி. உடல் முழு நீளத்துக்கும் விறைத்து நிற்கப் பழகுகிறது, சுமையும் படிப்படியாகக் கூடுகிறது. நான்காவது படிக்கு வந்த அன்று அக்கா என் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: “நான் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறேன். நீ இதை ஏறுபடி என்று எழுதி வைத்திருக்கிறாயே, எது சரி?”

பதில் இல்லை. படி என்ற சொல்லை உண்மையான படிக்கட்டே கவிழ்த்துவிட்டது.

ஆகவே புதிய முன்மொழிவு: இளவடிவம், கடுவடிவம். இளவெயில், கடுவெயில் என்கிறோமே, அதே சூரியன்தான். இளஞ்சூடு, இளம்பச்சை, இளங்காற்று என்று ‘இள’ ஏற்கெனவே நம் வாயில் மென்மைக்கு நிற்கிறது. முன்னொட்டாகவும் வளைந்து கொடுக்கிறது: கைகளை உயரத்தில் ஊன்றினால் இளந்தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் இளம்பஸ்கி. பாதங்களை உயர்த்தினால் கடுந்தண்டால்.

அன்புடன்.

*

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு ஐயங்கள். எழுபது வயதுக்காரர் ‘இளந்தண்டால்’ எடுப்பதா? இளைஞர்களுக்கு உரியது என்று நினைத்துவிடுவார்களே. மற்றொன்று, ‘இளக்காரம்’ காதில் ஒலிக்கிறது. நீங்கள் எதைத் தவிர்க்க நினைத்தீர்களோ அதுவே பின்வாசல் வழியாக நுழைகிறது.

*

அம்மா, முதல் ஐயத்துக்கு என்னிடம் பதில் உண்டு. இளஞ்சூட்டை யாரும் இளைஞரின் சூடு என்று எடுத்துக்கொள்வதில்லை. பயிற்சியின் பெயரோடு ஒட்டி வரும்போது பொருள் தானே பிடிபடும். தனியாகச் சொல்ல நேர்ந்தால் ‘இளவடிவம்’ என்று முழுதாகச் சொல்வோம். எழுபது வயதுக்காரருக்கு அந்தப் பெயர் கசக்குமா இனிக்குமா என்பதை அவரிடமே விட்டுவிடலாம்.

இளக்காரம் பற்றிச் சொன்னது உண்மை. அதனால்தான் ‘இளக்குதல்’ என்று வினையாக ஆக்காமல் விட்டேன். “பயிற்சியை இளக்கு” என்றால் இளக்காரம் வந்து ஒட்டிக்கொள்ளும், “இளவடிவத்துக்கு மாற்று” என்றால் ஒட்டாது. வேறொரு குறையை நீங்கள் சொல்லவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்: கடன்சொற்களோடு இது முரண்டு பிடிக்கிறது. முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல் விறைத்து நிறுத்தும் பிளாங்குக்கு ‘இளம்பிளாங்க்’ என்று எழுதிப் பார்த்தேன், அன்று முழுவதும் அந்தப் பக்கமே போகவில்லை. பிளாங்கைப் ‘பலகை நிலை’ ஆக்கினால் ‘இளம்பலகை’ வருகிறது. தச்சர் பட்டறை நினைவு வந்தாலும் படிக்க முடிகிறது.

‘இறங்குபடி’ போனதில் ஓர் ஆதாயமும் உண்டு. கம்பியில் ஏற வலு இல்லாதவர், முக்காலியில் நின்று தாடையைக் கம்பிக்கு மேல் கொண்டுபோய், பிறகு ஐந்து எண்ணும்வரை தாங்கித் தாங்கிக் கீழே வருகிறாரே, அதை ஆங்கிலத்தில் நெகட்டிவ் என்கிறார்கள். தசை தூக்குவதைவிட அதிக எடையை இறக்கும்போது தாங்கும் என்பதால்தான் அது தொடக்கநிலையாளருக்குக் கைகொடுக்கிறது. ‘இறங்கு’ என்ற சொல்லை நான் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டதால் அந்தக் கட்டம் இத்தனை நாள் காலியாகவே கிடந்தது. இப்போதைக்கு ‘மெல்லிறக்கம்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.