பீச் பழத்தில் யார் பெரியவர்: ஜார்ஜியாவா, தென் கரோலினாவா?

கிரீன்வில் ராசு:
கோடைப் பழங்கள் திரியில் மேக்கன் மீனாட்சி அக்கா நேற்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். "பீச் என்றால் ஜார்ஜியாதான், மற்ற ஊர்ப் பழமெல்லாம் பார்க்கத்தான் சிவப்பு, கடித்தால் வெறும் தண்ணீர்." அதற்கு விருப்பக்குறி வேறு வரிசையாக விழுந்திருக்கிறது. அங்கேயே பதில் போட்டால் திரி திசைமாறுகிறது என்று மட்டுறுத்துநர் கோபிப்பார், அதனால் தனித் திரி. அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வழக்கமாக ஜார்ஜியாவைவிடத் தென் கரோலினாவில்தான் பீச் அதிகம் விளைகிறது. இது தெரியுமா, தெரியாதா? ஜார்ஜியாக் கார் நம்பர் தகட்டில் பழத்தின் படத்தைப் போட்டுக்கொண்டால் தோட்டத்தில் காய்த்துவிடுமா?

மேக்கன் மீனாட்சி:
வாங்க ராசு தம்பி, இன்னும் காணோமே என்று பார்த்தேன். நான் பேசியது ருசி, நீங்கள் பேசுவது எடை. எங்கள் ஜார்ஜியாவின் மார்ஷல்வில்லில் 1870களிலேயே சாமுவேல் ரம்ஃப் என்ற விவசாயி எல்பர்ட்டா ரகத்தை உருவாக்கி, அதற்குத் தன் மனைவி பெயரையும் வைத்து, ஐஸ் போட்டு ரயிலில் நியூயார்க்குக்கு அனுப்பியவர். அமெரிக்காவில் பல காலம் பீச் என்றாலே அந்த எல்பர்ட்டாதான். 1924இல் ஒரு கவுண்டிக்கே, அதாவது மாவட்டத்துக்கே, பீச் என்று பெயர் வைத்தோம். 1928இல் எங்கள் விளைச்சல் ஏறத்தாழ 80 லட்சம் புஷல் (பழம் அளக்கும் கூடைக் கணக்கு). அப்போது உங்கள் ஊரில் என்ன இருந்தது? பருத்தி. ஜூன் கடைசியில் ஃபோர்ட் வேலிப் பக்கம் வந்து, மரத்தடியில் நின்று, வெயிலில் சூடேறிய ஒரு பழத்தைக் கடித்துப் பாருங்கள். சாறு முழங்கை வரை வழியும். அப்புறம் எடை பேசலாம்.

கிரீன்வில் ராசு:
1928 கணக்கா! எங்கள் தாத்தாவிடம்கூட அந்தக் காலத்தில் நாற்பது ஏக்கர் இருந்ததாம், அதைக் காட்டி இப்போது வங்கியில் கடன் கேட்கட்டுமா? பருத்தி உங்களிடமும்தான் இருந்தது, காய்ப்புழு போல ஒரு வண்டு வந்து அதை அழித்த பிறகுதான் பலரும் பீச்சுக்கு மாறினார்கள். இன்றைய கணக்கைப் பேசுவோம். விளைச்சல் யாருக்கு அதிகம்? தென் கரோலினாவுக்கு. நாங்கள் 1984இலேயே பீச்சை மாநிலப் பழமாக அறிவித்துவிட்டோம், உங்களுக்கு அந்த யோசனை வந்தது 1995இல். கேஃப்னியில் 1981இலேயே பீச் வடிவில் தண்ணீர்த் தொட்டி கட்டினோம், 10 லட்சம் காலன் பிடிக்கும். ஐ-85 நெடுஞ்சாலையில் உங்கள் அட்லாண்டாவுக்குப் போகிறவர்கள்கூட எங்கள் பீச்சைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும்.

சும்மா வந்தவன்:
அந்தத் தொட்டியை ஒரு பக்கமாகப் பார்த்தால் பழம் மாதிரி தெரியவில்லையே அண்ணே. குழந்தைகள் பின் சீட்டில் சிரித்து உருள்கிறார்கள், நான் ரோட்டை மட்டும் பார்க்கிறேன்.

கிரீன்வில் ராசு:
பார்க்கிறவர் புத்தியைப் பொறுத்தது.

ஃப்ரெஸ்னோ பாலா:
இரண்டாம் இடத்துக்கா இவ்வளவு சண்டை? அமெரிக்காவில் விளையும் பீச்சில் பாதிக்கு மேல் எங்கள் கலிஃபோர்னியாவில் விளைகிறது. நாங்கள் தொட்டியும் கட்டவில்லை, நம்பர் தகட்டிலும் போடவில்லை.

கிரீன்வில் ராசு:
பாலா, உங்கள் பழத்தில் ஏகப்பட்டது கொட்டையோடு ஒட்டிக்கொள்ளும் ரகம், நேராக டப்பாவுக்குள் போகிறது. நான் கையில் எடுத்துக் கடித்துத் தின்கிற பழத்தைச் சொல்கிறேன்.

மேக்கன் மீனாட்சி:
பார்த்தீர்களா, கலிஃபோர்னியா வந்ததும் எடை போய்க் கடி வந்துவிட்டது! அதைத்தானே நேற்றிலிருந்து சொல்கிறேன்.

கிரீன்வில் ராசு:
பேச்சை மாற்றாதீர்கள் அக்கா. ஜார்ஜியாவா தென் கரோலினாவா என்பதுதான் கேள்வி. விளைச்சல் யாருக்கு அதிகம்?

வக்கீல் வாசு:
முதலில் 'பீச் மாநிலம்' என்பதற்கு அளவுகோல் என்ன என்று முடிவு செய்யுங்கள். டன் கணக்கா, ருசியா, வரலாறா? தலைக்கு ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் இந்தத் திரி தீபாவளி வரை ஓடும்.

கிரீன்வில் ராசு:
அளவுகோல் ஒரு பக்கம் இருக்கட்டும் சார். விளைச்சல் யாருக்கு அதிகம், அதை மட்டும் சொல்லுங்கள்.

கொடைக்கானல் பையன்:
இரண்டு பேருமே எங்கள் மலைப் பழத்தைத் தின்றதில்லை போல. மே மாதம் சீசனில் ரோட்டோரம் கூறு கட்டி விற்பார்கள். சின்னதாக, பாதி பச்சையாக, நல்ல புளிப்போடு இருக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றால் உங்கள் சர்க்கரைப் பழமெல்லாம் கிட்ட வரமுடியாது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் மே மாதம் பழக்கண்காட்சியே நடக்கிறது, அந்தச் சமயம் போய்ப் பாருங்கள்.

மேக்கன் மீனாட்சி:
தம்பி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். அது பழத்தின் பெருமை இல்லை, மிளகாய்த்தூளின் பெருமை.

கொடைக்கானல் பையன்:
இந்த இளக்காரம்தான் வேண்டாம் என்பது. பீச் மரத்துக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்கு உண்டு, பல ரகங்களுக்கு அது நூற்றுக்கணக்கான மணி நேரம். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் மரம் சரியாகப் பூக்காது. எங்கள் மலையில் அவ்வளவு குளிர் கிடையாது, குறைந்த குளிரில் காய்க்கும் ரகத்தைத்தான் வைக்கமுடியும். அதில் இவ்வளவு வருவதே பெரிய விஷயம். குளிர் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பெருமை பேசுவது சுலபம்.

கிரீன்வில் ராசு:
தம்பி நல்ல இடத்தில் தொட்டுவிட்டார். 2023இல் என்ன நடந்தது என்று அக்காவிடம் கேளுங்கள். குளிர்காலம் சூடாகப் போய், சீக்கிரமே பூத்த பிறகு மார்ச்சில் உறைபனி அடித்து, ஜார்ஜியாவில் 90 சதவீதத்துக்கும் மேல் பழம் போய்விட்டது. 2017இலும் பெரும்பகுதி போச்சு. 2023 கோடையில் அக்கா எந்த ஊர்ப் பீச்சைத் தின்றார்? முழங்கை வரை வழிந்தது எந்த ஊர்ச் சாறு?

மேக்கன் மீனாட்சி:
அதே பனி உங்கள் தோட்டத்துக்குக் குடை பிடித்ததோ? உங்களுக்கும்தான் பெரும்பகுதி போனது. விவசாயி வயிற்றில் அடித்த பனியைத் துணைக்கு அழைத்துச் சண்டை ஜெயிக்கவேண்டிய நிலைக்கு வந்துவிட்டீர்கள், பாவம்.

கிரீன்வில் ராசு:
எங்களுக்குப் போனது உங்கள் அளவுக்கு இல்லை. அப்படியென்றால் அந்த ஆண்டும் விளைச்சல் யாருக்கு அதிகம்? இன்னொன்றும் சொல்லவேண்டும். போன ஆண்டு உங்கள் பக்கம் ரோட்டோரக் கடை ஒன்றில் பெட்டியோடு வாங்கினேன். மேலே நல்ல சிவப்பு, வீட்டுக்கு வந்து வெட்டினால் சாறே இல்லை, ஈர மாவு மாதிரி நொறுங்குகிறது, கொட்டையைச் சுற்றிப் பழுப்பு. இதுதான் ஜார்ஜியா ருசியா?

மேக்கன் மீனாட்சி:
வாங்கி வந்து நேராக ஃப்ரிட்ஜில் வைத்தீர்களா, இல்லையா?

கிரீன்வில் ராசு:
எல்லாரும் பழத்தை அங்கேதான் வைப்பார்கள்.

மேக்கன் மீனாட்சி:
அப்படிச் சொல்லுங்கள்! பழுக்காத பீச்சை ஃப்ரிட்ஜில் வைத்தால் அப்படித்தான் மாவாகும். சுமார் 2 முதல் 8 டிகிரிக்குள் நாள்கணக்கில் கிடந்தால் அதற்குப் பழுக்கிற வழியே கெட்டுப்போகும், அப்புறம் வெளியே எடுத்து வைத்தாலும் சாறு திரும்பாது. துணி விரித்து, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் மேசையில் வையுங்கள். பழத்தின் தோள்பட்டையில், அதாவது காம்பைச் சுற்றி, லேசாக அழுத்தினால் இளகவேண்டும், வாசனை அறைக்கே வரவேண்டும். ஃப்ரிட்ஜ் அதற்குப் பிறகுதான். சிவப்பைப் பார்த்து வாங்குவதும் தப்பு, சிவப்பு ரகத்தைப் பொறுத்தது. காம்போரம் அடிநிறம் பச்சை போய் மஞ்சளாகியிருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும். பழத்தை வைக்கத் தெரியாதவர் எங்கள் மாநிலத்துக்கு மார்க் போடுகிறார்.

கிரீன்வில் ராசு:
நான் தென் கரோலினாப் பழத்தையும் அதே ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன். ஒன்றும் ஆவதில்லை.

வக்கீல் வாசு:
ஒரே தோட்டமா, ஒரே ரகமா, ஒரே பக்குவத்தில் பறித்ததா? எதையும் சொல்லாமல்...

கிரீன்வில் ராசு:
வாசு சார், உங்களை யாரும் நீதிபதியாகப் போடவில்லை.

சமையல் சாந்தி:
சண்டை நடுவில் ஒரு உபயோகமான விஷயம். ரொம்பப் பழுத்துப்போனதை வீணாக்காமல் பச்சடி செய்யுங்கள். அடியில் கத்தியால் குறுக்காகக் கீறி, கொதிக்கிற நீரில் அரை நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் தோல் கையோடு வந்துவிடும். வெல்லம், துளி உப்பு, ஒரு பச்சைமிளகாய், கடுகு தாளித்தால் போதும். போன ஆடிப்பெருக்குப் பிக்னிக்கில் நான் கொண்டுவந்தது இதுதான், பாத்திரம் வழித்துத் தின்றீர்கள்.

சும்மா வந்தவன்:
தோலை ஏன் உரிக்கவேண்டும்? ரோமத்தைத் துணியால் துடைத்துவிட்டு அப்படியே தின்பேன். ரோமமே பிடிக்காதவர்கள் நெக்டரின் வாங்குங்கள், அதுவும் பீச்தான், ரோமம் வராத மரபணு மட்டும்தான் வித்தியாசம்.

மேக்கன் மீனாட்சி:
சாந்தி, அந்தப் பச்சடி நான் உனக்குச் சொல்லித் தந்தது. பழமும் நான் ஃபோர்ட் வேலியிலிருந்து கொண்டுவந்தது.

சமையல் சாந்தி:
அக்கா, நீங்கள் சொன்னது மாங்காய்ப் பச்சடி. பீச் போட்டது என் யோசனை. அந்த 25 பவுண்டு பெட்டியை நாலு வீடு பங்கு போட்டுக்கொண்டோம், அதற்கு இன்னும் பணம் தராதவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கே தெரியும்.

கிரீன்வில் ராசு:
என்னைச் சொல்கிறீர்கள் என்றால் நேராகவே சொல்லுங்கள். அதில் பாதிப் பழம் அடிபட்டிருந்தது, அப்போதே சொன்னேன்.

சமையல் சாந்தி:
அடிபட்டதையும் சேர்த்து மூன்று தட்டுப் பச்சடி சாப்பிட்டவர் யார்?

மேக்கன் மீனாட்சி:
ஓ, தண்ணீர்ப் பழத்துக்குத்தான் மூன்று தட்டா?

கிரீன்வில் ராசு:
பச்சடியில் வெல்லம் போட்டால் முருங்கைக்காய்கூட இனிக்கும். நான் கேட்டதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். ஜான்ஸ்டன் ஊர் தன்னை உலகத்தின் பீச் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறது. அந்த ஜான்ஸ்டன் எங்கே இருக்கிறது? தென் கரோலினாவில். விளைச்சல் யாருக்கு அதிகம்?

ஃப்ரெஸ்னோ பாலா:
கலிஃபோர்னியாவுக்கு.

கிரீன்வில் ராசு:
பாலா, நீங்கள் போய் டப்பாவைத் திறங்கள்.

கொடைக்கானல் பையன்:
உப்பு மிளகாய்த்தூளைக் கேலி செய்த அக்கா, பச்சடியில் பச்சைமிளகாய் போடும்போது மட்டும் வாயே திறக்கவில்லையே?

மேக்கன் மீனாட்சி:
தம்பி, பச்சடி சமையல். பழம் பழம். ராசுவுக்கு வேறு நாளைக்கு வருகிறேன், எனக்கு இப்போது வேலை இருக்கிறது. அதற்குள் சாந்திக்குப் பணத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

கிரீன்வில் ராசு:
பாதிப் பழத்துக்குப் பாதிப் பணம், அதற்கு மேல் ஒரு சென்ட் கிடையாது.