ஒரே ஒரு போல்ட் கேட்டாலும் முகம் கொடுத்துப் பேசும் ஹார்டுவேர் கடை மதுரையில் எங்கே?

ஆனையூர் வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆனையூரில் அப்பா கட்டிய பழைய வீட்டில் குடியிருக்கிறோம். கூடத்தில் தாத்தா காலத்துத் தேக்கு ஊஞ்சல் ஒன்று உண்டு. பலகையின் நான்கு மூலைகளிலும் வளையம் வைத்த இரும்பு போல்ட்டுகள் மேலிருந்து கீழாக இறங்கி, அடிப்புறத்தில் நட்டு போட்டு இறுக்கப்பட்டிருக்கின்றன; அந்த வளையங்களில்தான் சங்கிலி மாட்டியிருக்கிறது. சென்ற மாதம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா வழக்கம்போல் அதில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோது, ஒரு மூலை மட்டும் லேசாகத் தாழ்ந்தது. குனிந்து பார்த்தால், ஒரு நட்டு கடைசி மரைவரை இறங்கி, விழட்டுமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தேன். நட்டின் உள்மரை பாதி தேய்ந்துபோயிருந்தது. போல்ட்டின் மரையும் மழுங்கியிருந்தது.

அந்த ஒற்றை நட்டுக்காக மூன்று வாரங்களாக அலைகிறேன். வீட்டுக்கு அருகில் உள்ள கடையில் இருந்த பையன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "இந்த அளவெல்லாம் இப்ப வர்றதில்ல சார்" என்று சொல்லிவிட்டான். மெயின் ரோட்டில் இருக்கும் பெரிய கடையில், "அரை இன்ச்சும் பன்னிரண்டு எம்எம்மும் ஒண்ணுதான்" என்று சொல்லிப் புதிய போல்ட்டும் நட்டும் கொடுத்தார்கள். மற்ற மூலைகளில் இருக்கும் பழைய நட்டு ஒன்றில் அந்தப் புதிய போல்ட்டை ஏற்றிப் பார்த்தபோது, இரண்டு சுற்று ஏறி அப்படியே இறுகிவிட்டது. நான் புத்தியில்லாமல் ஸ்பேனர் போட்டுத் திருகியதில், நன்றாக இருந்த பழைய நட்டின் மரையும் போய்விட்டது. கடையில் கேட்டால், வாங்கியதைத் திரும்ப எடுப்பதில்லை என்று சுவரில் எழுதியிருப்பதைக் காட்டினார்கள். ஆன்லைனில் இருபத்தைந்தாக வாங்கினால்தான் கிடைக்கும் என்கிறார்கள்.

பழைய சாமானைக் கையில் வாங்கிப் பார்த்து, அதற்குப் பொருத்தமானதை ஒன்றோ இரண்டோ எண்ணிக் கொடுக்கும் கடை மதுரைக்குள் எங்கே இருக்கிறது? கொல்லைப்புறத்துக் குழாய் ஒன்றும் ஒழுகுகிறது. அதற்கும் அங்கேயே வழி பிறந்தால் நல்லது.

பழைய ஃபிட்டர்

தம்பி, முதலில் ஊஞ்சலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிடுங்கள். கடையை நிதானமாகத் தேடிக்கொள்ளலாம்.

பஞ்சாலையில் 28 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உங்களிடம் இருப்பது அரை இன்ச் விட்வொர்த் மரை, அதாவது பழைய பிரிட்டிஷ் இன்ச் முறை மரை; கடைக்காரர் கொடுத்தது எம்-12 மெட்ரிக் மரை. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். ஆனால் அரை இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர், அதில் ஓர் இன்ச் நீளத்துக்கு 12 மரைகள் இருக்கும். எம்-12 போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.75 மில்லிமீட்டர், அதாவது ஓர் இன்ச்சுக்குப் பதினான்கரை மரை. அதனால்தான் இரண்டு சுற்று ஏறியதும் பல்லோடு பல் சிக்கி நின்றுவிட்டது. மெட்ரிக் முறைக்கான சட்டம் நம் நாட்டில் 1956-இல் வந்தாலும், பட்டறைகளில் இன்ச் சாமான்கள் அதற்குப் பிறகும் பல காலம் புழங்கின. தாத்தா காலத்து ஊஞ்சலில் வேறு எதையும் எதிர்பார்க்க முடியாது. போல்ட்டின் மீது ஓர் இரும்பு ஸ்கேலை வைத்து, ஓர் இன்ச்சுக்குள் எத்தனை மேடு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு வந்தால் என் சொல் சரி.

இதைக் கடைக்காரருக்கு நீங்களே சொல்லத் தேவையில்லை. நல்ல கடையில், பழைய போல்ட்டை வாங்கியதும் ஒரு நட்டை எடுத்து இரண்டு விரலால் சுழற்றிவிடுவார்கள். அது ஆடாமலும் பிடிக்காமலும் அடிவரை ஓடினால் அதுதான் அளவு. ஸ்பேனரைத் தேடும் கடைக்காரரிடமிருந்து போல்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நகரத்துக்குள் என்றால், வெளி வீதிகளையும் மாரட் வீதிகளையும் ஒட்டிய சந்துகளில் தேடுங்கள். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது, அந்த வேலையை முன்நின்று நடத்திய மாரட் என்பவரின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் அங்கே உண்டான வீதிகளுக்கு வைக்கப்பட்டன. ஒரு மேஸ்திரியின் பெயரில் வீதி இருக்கும் ஊரில் ஒரு நட்டு கிடைக்காமலா போய்விடும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மரை முழுதாக இருந்தால், சாதாரண அரை இன்ச் இரும்பு போல்ட் ஒன்றே ஒரு டன்னுக்கு மேல் தாங்கும், ஆகவே அதிக வலுவைக் காட்டும் 8.8 என்ற தர எண்ணைத் தலையில் குத்திய விலை உயர்ந்த போல்ட் உங்களுக்கு அவசியமில்லை. ஊஞ்சலில் ஆபத்து வருவது தேய்ந்த மரையாலும், ஆட்டத்தில் தானாகக் கழன்று இறங்கும் நட்டாலும்தான். ஒவ்வொரு மூலையிலும் நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு போட்டு ஒன்றோடொன்று இறுக்குங்கள். வளையம் வெறுமனே வளைத்துவிட்டதாக இல்லாமல், வாய் மூடி ஒட்டியதாக இருக்க வேண்டும்.

புதுவீட்டுக்காரி

நாகமலைப் புதுக்கோட்டையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டியபோது, சாமான் வாங்கும் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது. கணவருக்கு வெளியூர் வேலை. தொடக்கத்தில் எந்தக் கடைக்குப் போனாலும், "வீட்ல சார் இல்லையாம்மா?" என்ற கேள்விதான் முதலில் வரும். ஒரே ஒரு கடையில் மட்டும், "எதுக்கும்மா இது?" என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே வீடு முடியும்வரை அந்தக் கடையை விட்டு நான் மாறவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். குளியலறைக்கு அரை இன்ச் எல்போ (பைப்பைத் திருப்பும் வளைவுத் துண்டு) பத்து வேண்டும் என்று கேட்டேன். எந்தப் பைப்புக்கு என்று அவர் கேட்டார். அரை இன்ச் என்றால் எல்லாம் அரை இன்ச்தானே என்று நினைத்திருந்தேன். அவர் இரண்டு துண்டுகளை எடுத்து என் கையில் வைத்தார். குளிர்ந்த நீருக்கான வெள்ளை யுபிவிசி பைப்பின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். வெந்நீருக்கான இளமஞ்சள் சிபிவிசி பைப்பின் வெளிவிட்டம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். பெயர் இரண்டுக்கும் அரை இன்ச்தான். ஒன்றின் எல்போ மற்றொன்றில் சேராது. ஒட்டும் பசையும் வேறு வேறு. பிளம்பர் சீட்டில் எழுதாமல் விட்டதை அவர் கேட்டிராவிட்டால், நாகமலையிலிருந்து நகரத்துக்கு இன்னொரு நடை போயிருப்பேன்.

கம்பி வாங்கும்போதும் இப்படித்தான் ஆளை அறிந்துகொண்டேன். 8 மில்லிமீட்டர் கம்பி 12 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 4.74 கிலோ இருக்க வேண்டும். விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிடைக்கும் என்று எங்கள் இன்ஜினியர் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு கம்பியைத் தராசில் வையுங்கள் என்று நான் கேட்டபோது, ஒரு கடையில் முகம் சுளித்தார்கள். இந்தக் கடையில் நான் கேட்பதற்கு முன்பே தராசைக் காட்டினார்கள்.

போகும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலை 8 மணி முதல் 10 மணிவரை கொத்தனார்களும் பிளம்பர்களும் அன்றைய வேலைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒற்றை நட்டோடு போய் நின்றால் கடவுளே கடை வைத்திருந்தாலும் கவனிக்க மாட்டார். 11 மணிக்கு மேல் போங்கள். சித்திரைத் திருவிழாவின் தேரோட்ட நாளில் மாசி வீதிகளை வண்டியில் கடக்கலாம் என்று கனவிலும் நினைக்காதீர்கள்.

கல்லாவுக்குப் பின்னால்

மேலூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஒற்றை நட்டை விற்பதில் எங்களுக்கு வெறுப்பு எதுவும் இல்லை. ஆனால் இன்ச் மரை சாமானை நாங்கள் வாங்கும்போது பெட்டியாகத்தான் வாங்க வேண்டும். ஒரு பெட்டி விற்றுத் தீர எங்கள் ஊரில் நான்கைந்து ஆண்டுகள் ஆகும், அதற்குள் பாதி துருவேறிவிடும். ஆகவே புறநகர்க் கடைகளில் அது இல்லாததைக் குற்றமாகச் சொல்ல முடியாது. இல்லை என்று ஒழுங்காகச் சொல்லி, எங்கே கிடைக்கும் என்று கைகாட்டுவதுதான் கடைக்காரரின் கடமை. அதைச் செய்யாத அந்தப் பையன்மீது எனக்கும் வருத்தம்தான். அரை இன்ச்சும் 12 எம்எம்மும் ஒன்றுதான் என்று சொன்னவரைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுகிறேன்.

வாடிக்கையாளர்களிடம் எனக்கு இருக்கும் பெரிய குறை கைப்பேசிப் படம். குழாயைப் படம் பிடித்துக் காட்டி, "இது வேணும்" என்பார்கள். படத்தில் அரை இன்ச்சும் முக்கால் இன்ச்சும் ஒன்றுபோலவே தெரியும். சிலர் அளந்தும் வருவார்கள். அது இன்னும் மோசம். பழைய இரும்புக் குழாயில் அரை இன்ச் என்பது உள்ளே தண்ணீர் போகும் வழியின் பெயரளவு; வெளியே அளந்தால் 21 மில்லிமீட்டருக்கு மேல் வரும். அதைப் பார்த்துவிட்டு முக்கால் இன்ச் என்று கேட்டு வாங்கிப் போய், மாலையில் சண்டைக்கு வருவார்கள். ஒழுகும் குழாயைக் கழற்றிக் கையோடு எடுத்து வாருங்கள் ஐயா. பல நேரங்களில் குழாயை மாற்றவே வேண்டியிருக்காது. உள்ளே இருக்கும் வாஷர்தான் போர்த் தண்ணீரின் உப்புப் படிந்து கெட்டிருக்கும்.

இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கே கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். மேஸ்திரியோ பிளம்பரோ எழுதிக் கொடுத்த சீட்டோடு, அவர் சொன்ன கடைக்கே போனால், அவருக்குப் போகும் கமிஷனும் உங்கள் பில்லில்தான் ஏறும். எல்லாக் கடையிலும் அப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். சீட்டை வேறு தாளில் நீங்களே எழுதிக்கொண்டு, அவர் சொல்லாத இன்னொரு கடையிலும் விலை கேட்டுப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

பழைய ஃபிட்டர்

மேலூர்த் தம்பி சொன்ன வாஷர் விஷயம் முற்றிலும் சரி. ஆனையூர் தம்பி, மரையை எண்ணிப் பார்த்தீர்களா?

ஆனையூர் வாசி

எண்ணினேன் ஐயா, பன்னிரண்டு. அம்மாவும் ஒரு முறை எண்ணி உறுதி செய்தார்.

அனைவருக்கும் நன்றி. புதன்கிழமை பகல் 11 மணிக்குக் கீழமாரட் வீதிப் பக்கம் போனேன். முதல் இரண்டு கடைகளில் இல்லை என்றார்கள். ஆனால் இரண்டாவது கடைக்காரர் சந்துக்குள் கைகாட்டி அனுப்பினார். ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு வாசலில் சாமான் குவிந்த சின்னக் கடை அது. பெரியவர் ஒருவர் போல்ட்டை வாங்கிக் கட்டைவிரலால் மரையைத் தடவிப் பார்த்துவிட்டு, துருப்பிடித்த பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு நட்டை எடுத்துச் சுழற்றிவிட்டார். ஃபிட்டர் ஐயா சொன்னது போலவே அது அடிவரை ஓடியது. நான் பணத்தை எடுத்தேன். அப்போதுதான், "எதுக்கு இது?" என்று கேட்டார். ஊஞ்சலுக்கு என்றதும் நட்டைக் கழற்றி டின்னிலேயே போட்டுவிட்டார். "நட்டு புதுசு, போல்ட்டு செத்துருச்சு. இதை உங்களுக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார்.

பிறகு நான்கு போல்ட்டுகளையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, லேத் பட்டறை ஒன்றுக்கு வழி சொல்லி அனுப்பினார். வளையத்தை வாய் மூடி வெல்டிங் செய்து, அரை இன்ச் கம்பியில் அதே மரையை வெட்டி மறுநாள் கொடுத்தார்கள். பெரியவரிடம் எனக்கு விற்பனையானது எட்டு நட்டும், பலகையின் அடியில் வைக்க அகலமான நான்கு சதுர வாஷரும்தான். அவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். கொல்லைக் குழாயையும் கழற்றி எடுத்துப் போயிருந்தேன். மேலூர் நண்பர் சொன்னபடியே வாஷர்தான் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை ஊஞ்சலை மாட்டினோம். முதலில் என்னை உட்கார வைத்து நாலு ஆட்டம் ஆட்டிப் பார்த்த பிறகுதான் அம்மா வெற்றிலைப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார்.

கடையின் பெயர்ப்பலகை பாதி அழிந்திருக்கிறது. வழி வேண்டுபவர்கள் தனிச்செய்தி அனுப்பினால் சொல்கிறேன். பகல் ஒன்றரை மணிக்குப் பெரியவர் சாப்பிடப் போய்விடுவார். மூன்று மணிக்குத்தான் மறுபடி கடை திறப்பார்.