தண்ணீர்க் கம்பத்துக்கு எந்த பிரஷ்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஜன்னல் கண்ணாடி துடைக்கும் வேலையில், ஏணியை விட்டுவிட்டுத் தண்ணீர்க் கம்பத்துக்கு (உப்பு நீக்கிய தண்ணீர் குழாய் வழியாக நுனியில் உள்ள பிரஷுக்கு ஏறும் நீளமான கம்பம்) மாறி எட்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் கம்பத்தை ஒரே ஒரு தடவைதான் மாற்றியிருக்கிறேன். பிரஷை எத்தனை தடவை மாற்றினேன் என்பதற்குக் கணக்கே இல்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கம்பம் எத்தனை மீட்டர், கார்பனா கண்ணாடி இழையா என்றுதான் விசாரிக்கிறார்கள். கண்ணாடியைத் தொடுவது பிரஷ் மட்டும்தான், அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

வேலைக்கு வந்த முதல் வருடம், அகலமாக இருந்தால் சீக்கிரம் முடியும் என்று நினைத்து 18 அங்குல பிரஷ் வாங்கினேன். தரைத்தளத்தில் அருமையாக ஓடியது. மூன்றாவது மாடிக்குக் கம்பத்தை நீட்டியதும் நிலைமை மாறிவிட்டது. மதியத்துக்குள் தோள்பட்டை கழன்று விழுவது போல் வலி. கம்பத்தின் நுனியில் கூடும் ஒவ்வொரு நூறு கிராமும் கையில் பல மடங்காகத் தெரியும். நேராக நிமிர்த்திப் பிடிக்கும்போது அவ்வளவாகத் தெரியாது, சாய்க்கும்போதுதான் இழுக்கும். குழாய்க்குள் நிற்கும் தண்ணீரும் கனம்தான். 5 மி.மீ. உள் விட்டம் உள்ள குழாயில் மீட்டருக்கு 20 கிராம் நிற்கும், 10 மீட்டருக்கு 200 கிராம் ஆகிவிடும்.

வலியைக் கூடப் பொறுத்துக்கொண்டேன். காய்ந்த பிறகு கண்ணாடியில் புள்ளிகள் நின்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தால் 0 பிபிஎம் காட்டுகிறது. தண்ணீரில் உப்பே இல்லை, பிறகு புள்ளி எங்கிருந்து வருகிறது? பிரஷ்தான் மோசம் என்று முடிவுகட்டி வேறு ஒன்று வாங்கினேன். அதிலும் அதே புள்ளி.

அப்புறம்தான் கண்ணாடியைக் கவனிக்கத் தொடங்கினேன். சில கண்ணாடியில் தண்ணீர் படலமாகப் பரவிக் கீழே வழிந்துவிடும். சிலவற்றில் முத்து முத்தாகத் திரண்டு நின்றுவிடும். படலமாக வழிகிற கண்ணாடியில் அழுக்கும் தண்ணீரோடு சேர்ந்து போய்விடும், பிரஷை வைத்தபடியே அலசலாம். முத்தாக நிற்கிற கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் கொஞ்சம் அழுக்கைப் பிடித்துவைத்துக்கொண்டு அங்கேயே காய்ந்துவிடும். அங்கே பிரஷைச் சில சென்டிமீட்டர் பின்னால் இழுத்து, மேலிருந்து கீழ்வரை நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். என் அகல பிரஷில் இருந்தவை ஊசி போல் ஒற்றைக் கோடாகப் பாயும் இரண்டு ஜெட் (தண்ணீர் பீய்ச்சும் முனை) மட்டும். 45 சென்டிமீட்டர் அகலத்துக்கு இரண்டு கோடு தண்ணீர் எப்படிப் போதும்? விசிறி போல் பரவும் ஜெட் இருந்த 12 அங்குல பிரஷுக்கு மாறினேன். புள்ளி வந்துகொண்டிருந்த கட்டடத்தில் அது வருவது நின்றுபோனது.

இப்போது புதுக் கட்டடத்துக்குப் போனால் முதல் வேலையாக ஒரு கண்ணாடியை நனைத்து, தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்ப்பேன். எந்த பிரஷை மாட்டுவது என்பதை அதற்குப் பிறகுதான் தீர்மானிப்பேன். உங்கள் அனுபவம் எப்படி?

*

அண்ணா, கண்ணாடி பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முடி பற்றி என் அனுபவத்தைச் சேர்க்கிறேன்.

ரொம்ப நாள் நைலான் முடி மட்டுமே வைத்திருந்தேன். லேசாக இருக்கும், கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும், மாதாமாதம் துடைக்கும் வீடுகளுக்கு அதைவிட நல்லது இல்லை. ஒரு தடவை இரண்டு வருடமாக யாருமே தொடாத கட்டடம் வந்தது. மேல் வரிசை முழுக்கப் பறவை எச்சம், ஓரங்களில் சிலந்தி வலை. நைலான் எச்சத்தின் மேல் வழுக்கிப் போகிறதே தவிர அதைக் கிளப்பவில்லை. ஒரே ஜன்னலில் கால் மணி நேரம் போனது.

கூட வேலை செய்த பெரியவர் தன்னிடம் இருந்த பன்றி முடி பிரஷைக் கொடுத்தார். அந்த முடியின் நுனி இயற்கையாகவே பிளவுபட்டிருக்கும், தண்ணீரையும் தனக்குள் பிடித்துவைக்கும். அதனால் கண்ணாடியோடு ஒட்டி உரசுகிறது. எச்சத்தின் மேல் ஒரு நிமிடம் நனைத்து ஊறவிட்டு, அப்புறம் நாலு தேய்ப்பு, கிளம்பி வந்துவிட்டது.

ஆனால் அதையே எல்லா இடத்துக்கும் கொண்டுபோக முடியாது. நனைந்ததும் கனம் ஏறிவிடும், நைலானைவிட விலையும் அதிகம், தேய்மானமும் அதிகம். புதிதில் சில நாள் முடி உதிரும். நான் இப்போது முதல் தடவை போகும் கட்டடத்துக்கு மட்டும் அதை எடுப்பேன். தொடர்ந்து போகும் இடங்களுக்குக் கலப்பு பிரஷ், அதாவது நைலானும் பன்றி முடியும் சேர்ந்தது. உயரம் போகப்போக வெறும் நைலான்.

*

நானும் என் கணவரும் சேர்ந்து இந்த வேலை செய்கிறோம். எங்களுக்கு நேர்ந்தது கண்ணாடியில் இல்லை, ஜன்னல் சட்டத்தில்.

வெயிலில் பல வருடம் நின்ற பெயின்ட் அடித்த அலுமினியச் சட்டம், விரலால் தேய்த்தால் சாக்பீஸ் தூள் மாதிரி ஒட்டும். எங்களுக்கு அது அப்போது தெரியாது. விறைப்பான முடி உள்ள பிரஷால் சட்டத்தையும் சேர்த்து நன்றாகத் தேய்த்தோம், சுத்தமாக இருக்கட்டும் என்று. அரை மணி நேரத்தில் எல்லா ஜன்னலிலும் பால் வழிந்த மாதிரி வெள்ளைக் கோடு. எத்தனை முறை அலசினாலும் சட்டத்திலிருந்து திரும்பத் திரும்ப வழிந்துகொண்டே இருந்தது. கடைசியில் கீழ்த்தள ஜன்னல்களைக் கையால் துடைத்தோம், மேலே உள்ளவற்றுக்கு இன்னொரு நாள் போனோம், காசு வாங்கவில்லை.

அதிலிருந்து அந்த மாதிரிச் சட்டம் உள்ள வீட்டுக்கு முடி குட்டையான, மென்மையான பிரஷ் தனியாக வைத்திருக்கிறோம். முடி நீளமாகவும் நாலு பக்கமும் விரிந்தும் இருந்தால் கண்ணாடியைத் தேய்க்கும்போதே சட்டத்தையும் தொட்டுவிடும். குட்டை முடி கண்ணாடியோடு நின்றுவிடும். வேலை தொடங்கும் முன் விரலால் சட்டத்தைத் தொட்டுப் பாருங்கள், தூள் ஒட்டினால் வீட்டுக்காரரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.

*

வணக்கம், நான் புதியவன். இப்போதைக்கு ஒரே ஒரு பிரஷ்தான் வாங்க முடியும். இரண்டு மாடி வரை வேலை. எதை வாங்குவது?

*

தம்பி, 12 அங்குலம், நைலான், நுனி பிளந்த முடி. ஜெட் துளை நாலு இருப்பதாகப் பாருங்கள். நடுவில் இரண்டில் விசிறி ஜெட் மாட்டிக்கொள்ளுங்கள், மற்ற இரண்டை அடைத்து வைக்கலாம். தண்ணீர் குறைவாக வரும் இடத்தில் விசிறியைக் கழற்றி ஊசி ஜெட் போட்டுக்கொள்ளலாம். பன்றி முடியை ஆறு மாதம் கழித்து யோசியுங்கள்.

நுனி பிளக்காத முடிதான் சீக்கிரம் அலசும் என்று சொல்கிறவர்கள் உண்டு, உண்மையும்கூட. முடிக்கு நடுவே தண்ணீர் தடையில்லாமல் இறங்கும். ஆனால் கை பழகாதவர்களுக்கு அது கண்ணாடியில் தடதடவென்று குதிக்கும். பிளந்த முடி கொஞ்சம் மெதுவாக அலசினாலும் கைக்கு அடங்கும். இரண்டு மாடிக்கு அந்த மெதுவு ஒரு பொருட்டில்லை.

*

தம்பிக்கு நானும் ஒன்று சொல்கிறேன், எந்த பிரஷ் வாங்கினாலும் இது பொருந்தும். ஒரு நாள் மாடி மாறும்போது பிரஷைத் தரையில் முகம் குப்புற வைத்துவிட்டேன். எடுத்து அப்படியே அடுத்த கண்ணாடியில் தேய்த்தேன். முடிக்குள் ஒட்டியிருந்த மணல் நீளமாகக் கோடு கிழித்துவிட்டது. கண்ணாடியை மாற்றிக் கொடுத்தேன். இப்போது தரையைத் தொட்ட பிரஷ் என்றால், மேலே போகும் முன் தண்ணீரைத் திறந்துவிட்டு முடியை விரலால் பிரித்து அலசிய பிறகுதான் கண்ணாடி.

வேலை முடிந்ததும் முடி மேலே பார்க்கும்படி வையுங்கள். முடியின் மேல் சாய்த்து வைத்தால் ஒரு பக்கமாக மடங்கி அப்படியே நின்றுவிடும். அழுத்தித் தேய்த்தாலும் முடி விரிந்துதான் போகும், வேலை செய்வது நுனி மட்டும்தான்.

*

எல்லோருக்கும் நன்றி. சட்டத்தைப் பற்றிச் சொன்ன அக்காவுக்குத் தனியாக நன்றி, அந்த வெள்ளைக் கோடு எனக்கும் ஒரு தடவை வந்து, தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உயரம் பற்றி முதலில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் 10 மீட்டர் மேலே ஏறும்போது ஏறக்குறைய 1 பார் அழுத்தம் குறையும். கீழே அழகாக விரிந்த விசிறி ஜெட் நாலாவது மாடியில் சோர்ந்து, காற்றில் சிதறிவிடும். பிரஷைக் குறை சொல்லும் முன் பம்பின் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். கூட்ட முடியாவிட்டால் அந்த உயரத்துக்கு 10 அங்குல பிரஷும் ஊசி ஜெட்டும் போதும். ஊசி ஜெட் காற்றை வெட்டிக்கொண்டு போகும், குறுகிய பிரஷ் என்பதால் இரண்டு கோடு தண்ணீரே அகலம் முழுக்க எட்டும்.

தம்பி, கார்பன் கம்பத்தில் மின்சாரம் பாயும். மேலே மின்கம்பி போகிற பக்கம் கம்பத்தை நீட்டவே வேண்டாம். வாங்கியதும் முதல் கண்ணாடியில் தண்ணீர் படலமாக வழிந்ததா, முத்தாக நின்றதா என்று இங்கே எழுதுங்கள்.