'கான்ஸ்பிரட்டோரியல்': சதியா, கமுக்கமா?

கேள்வி:
நான் மொழிபெயர்த்துவரும் ஆங்கிலச் சிறுகதையில், ஒரு பாட்டி பேரனின் காதருகே குனிந்து, அலமாரியின் மேல்தட்டில் பிஸ்கட் டப்பா இருப்பதைக் 'கான்ஸ்பிரட்டோரியல்' குரலில் சொல்கிறாள். அகராதியை நம்பி, 'சதித்தனமான குரலில்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர், பாட்டி யாரையோ கொல்லப் போகிறாளா என்று கேட்டுவிட்டார். இந்த இடத்துக்குப் பொருந்தும் சொல் எது?

மறுமொழி 1:
நண்பரே, இச்சொல்லின் லத்தீன் வேருக்குச் 'சேர்ந்து மூச்சுவிடுதல்' என்பது பொருள். 1605-இல் லண்டன் நாடாளுமன்றத்தின் அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தைப் பதுக்கிய ராபர்ட் கேட்ஸ்பியின் கூட்டத்தாரைப் பற்றி எழுதினால், 'சதி' என்றே சொல்லலாம். குரல், புன்னகை, கண்சிமிட்டல் ஆகியவற்றோடு வரும்போது தீங்கு என்ற பொருள் உதிர்ந்துவிடுகிறது. தலையோடு தலை சேர்த்து, பிறர் செவியில் படாமல் பேசும் அந்த நெருக்கம் மட்டுமே எஞ்சுகிறது. நம் 'சூழ்ச்சி' வேறு வழியில் போயிற்று. 671-ஆம் குறளில் ஆராய்ந்து எண்ணுதல் என்ற நல்ல பொருளில் நிற்கும் அச்சொல், இன்று வஞ்சகத்தையே குறிக்கிறது. ஆகவே அதுவும் பாட்டிக்கு உதவாது.

மறுமொழி 2:
'நமுட்டுச் சிரிப்பு' என்பதைப் போன்ற தொடர் பொருந்துமே என்று சிலருக்குத் தோன்றலாம். அதை நான் ஏற்கமாட்டேன். நமுட்டுச் சிரிப்பு எதிரில் இருப்பவரிடமிருந்தே எதையோ மறைக்கிறது. இந்தப் பாட்டியோ பேரனைத் தன் இரகசியத்தில் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறாள். 'கிளாண்டஸ்டைன்' என்பதோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒருவர் தனியாக மறைத்துச் செய்யும் காரியத்தையும் அச்சொல் குறிக்கும். இதற்கோ இன்னொருவர் உடன் இருந்தாக வேண்டும்.

மறுமொழி 3:
சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1913-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 120ஏ பிரிவு, குறைந்தது இரண்டு பேர் உடன்பட்டால்தான் சதி என்றது. செய்தித்தாள்கள் 'கூட்டுச்சதி' என்று எழுதுவது அதனால் சரியே. 'கான்ஸ்பிரட்டோரியல் திங்கிங்' என்று வந்தால் மட்டும், எதிலும் சதியைக் காணும் மனப்போக்கு என்று விரித்து எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஒற்றைப் பெயரடையைத் தேடியதுதான் என் பிழை என்று இப்போது விளங்குகிறது. வாக்கியத்தை இவ்வாறு மாற்றிவிட்டேன்: "பாட்டி குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, கமுக்கமாகச் சொன்னாள்."