இரண்டு டன் செயின் பிளாக்: தூக்கிய பாரம் தானாக இறங்குகிறது, என்ன செய்யலாம்?

கப்பலூர் பட்டறை:
எங்களுடையது சின்ன லேத் பட்டறை. மேலே குறுக்கே போகும் இரும்பு உத்தரத்தில் (ஐ-பீம்) இரண்டு டன் செயின் பிளாக், அதாவது கையால் செயினை இழுத்துப் பாரம் தூக்கும் சாதனம், தொங்குகிறது, ஆறு வருடமாக ஒரு குறையும் இல்லை. நேற்று 900 கிலோ கியர்பாக்ஸைத் தூக்கி நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பினால், ஒரு சாண் இறங்கியிருக்கிறது. யாரும் கைச் செயினைத் தொடவில்லை. இதைச் சரிசெய்யலாமா, இல்லை கழற்றிப் போட்டுவிட்டு மோட்டாரில் தூக்கும் மின்சார ஹாயிஸ்ட் வாங்கிவிடலாமா?

மேலூர்க்காரன்:
பாரம் தொங்கும் லோடு செயின் நீண்டிருக்கும். செயினை மாற்றுங்க, சரியாகிவிடும்.

பழைய ஃபிட்டர்:
செயின் தேய்ந்து நீண்டால் சக்கரத்தின் பள்ளத்தில் உட்காராமல் 'டக்'கென்று ஒரு கண்ணி தாண்டும். இப்படி ஊர்ந்து இறங்காது. தம்பி, முதலில் பாரத்தை இறக்கிக் கட்டையில் வையுங்கள், அடியில் யாரும் போக வேண்டாம். அப்புறம் ஒன்று சொல்லுங்கள்: தூக்கும்போது 'டிக் டிக்' சத்தம் பழையபடி வருகிறதா?

கப்பலூர் பட்டறை:
கேட்டபிறகுதான் உறைக்கிறது அண்ணே. சத்தம் பாதியாகிவிட்டது. ஆயுத பூஜைக்குத் துடைத்தபோது பையன் "சத்தம் போடுது"ன்னு மூடி இடுக்கில் இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறான். நானும் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

பழைய ஃபிட்டர்:
அதுதான் விஷயம். மூடிக்குள் இருப்பது பிரேக். கைச் செயின் சக்கரம் ஒரு திருகில் ஏறி உராய்வுத் தட்டுகளை நெருக்கும். நடுவில் ராட்செட் என்கிற பல் சக்கரம், அதன் பல்லில் விழும் நாக்கு. அது விழும் சத்தம்தான் 'டிக் டிக்'. தொங்குகிற பாரமே தட்டுகளை இறுக்கிக்கொள்ளும், நாக்கு பின்னால் சுற்ற விடாது. அதனால்தான் கையை எடுத்தாலும் நிற்கிறது. தட்டில் எண்ணெய் ஏறினால் பிடிப்பு போச்சு. நாக்கும் பிசுக்கில் ஒட்டிக்கொண்டால் பாரம் மொத்தமாகவே விழலாம். ஒரு சாணோடு நின்றது உங்கள் நல்ல நேரம்.

எண்ணெய் லோடு செயினுக்கு வேண்டும். பிரேக்குக்கு ஆகாது.

கப்பலூர் பட்டறை:
மூடியைக் கழற்றிவிட்டேன். தட்டு இரண்டும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. நாக்கு இரண்டில் ஒன்று மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பெட்ரோலில் துடைத்துப் போட்டுவிடலாமா?

பழைய ஃபிட்டர்:
இரும்பு முகங்களைத் தின்னரால் துடையுங்கள். லைனிங் (உராய்வுப் பூச்சு) உள்ள தட்டு எண்ணெயைக் குடித்திருக்கும், சூடேறினால் திரும்பக் கசியும். அதைப் புதிதாக மாற்றுங்கள், அதே கம்பெனி, அதே மாடல். நாக்கின் ஸ்பிரிங்கையும் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. பூட்டியதும் பாரத்தைத் தரையிலிருந்து நாலு விரல் மட்டும் தூக்கி, கைச் செயின் சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கோடு நகரக் கூடாது.

சிந்தாமணி எலக்ட்ரீஷியன்:
மின்சார ஹாயிஸ்ட் கேட்டீர்களே. அதில் ஸ்பிரிங்தான் பிரேக்கைப் பிடிக்கும், மின்சாரம் பாய்ந்தால்தான் அது விடும். கரண்ட் போனாலும் பாரம் அப்படியே நிற்கும், அது நல்லது. ஆனால் வோல்டேஜ் இறங்கினால், பிரேக்கை விடுவிக்கும் மின்காந்தச் சுருள் (காயில்) அதை முழுசாக விடுவிக்காது. உரசியபடியே ஓடி லைனிங் கருகும். வாரம் இரண்டு தடவை தூக்குவதற்கு அது எதற்கு? ஒரே லேத்துக்கு மட்டும் என்றால் தூணில் கை போல நீண்டு திரும்பும் ஜிப் கிரேன் போதும். தினமும் ஷெட் முழுக்கப் போக வேண்டுமென்றால் மட்டும் ஈஓடி (தண்டவாளத்தில் ஓடும் மேல்நிலை மின்சார கிரேன்) பற்றி யோசியுங்கள்.

மேலூர்க்காரன்:
ஹைட்ராவை (ஓட்டி வரும் கிரேன் வண்டி) வாடகைக்குக் கூப்பிட்டால் என்ன?

பழைய ஃபிட்டர்:
வாசலில் லாரியிலிருந்து இறக்க ஹைட்ராதான் சரி. ஷெட்டுக்குள் தகரக் கூரை இடிக்கும். தவிர 12 டன் வண்டி என்பது அதன் தூக்கும் கை (பூம்) உள்ளே இழுத்திருக்கும்போது. நீட்ட நீட்டத் தூக்கும் பாரம் குறைந்துகொண்டே போகும். மேலூர்க்காரரே, கல் தூக்குகிற உங்களுக்குத் தெரியாததா?

இன்னொன்று தம்பி, அவசரத்துக்குக் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் (டிரஸ்) பிளாக்கை மாட்டாதீர்கள். அது தகரத்தையும் காற்றையும் தாங்கக் கட்டியது. 2025 வரை இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948, 29-ஆம் பிரிவுப்படி தூக்கும் சாதனத்தை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி உள்ளவர் சோதித்துப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. கடைசியாக எப்போது பார்த்தார்கள்?

கப்பலூர் பட்டறை:
வாங்கினதிலிருந்து பார்க்கவே இல்லை அண்ணே. அடுத்த வாரம் ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். தட்டும் ஸ்பிரிங்கும் மாற்றியாச்சு, அரை மணி நேரம் நிறுத்தினேன், கோடு அசையவில்லை. 'டிக் டிக்' பழையபடி கேட்கிறது. பக்கத்துப் பட்டறைக்காரர் காலையிலேயே வந்து, "கொஞ்சம் எண்ணெய் விடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.